புத்தளக் கரையும் இடைக்கால வைத்தியமும்

மேனாட்டு வைத்தியத்தின் வரலாற்றை எழுதியோர் கிரேக்கரையும் உரோமரையும் பற்றி விரித்துரைத்து, அடுத்த ஆயிரம் ஆண்டுகளை 'இருண்ட காலம்' என்ற ஒரே தொடரால் கடந்துவிடுவது நெடுங்காலம் வழக்காயிருந்தது. கி.பி. 500 முதல் 1500 வரை உயிர்நூலிலும் வைத்தியத்திலும் புதியது எதுவும் தோன்றவில்லை என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கை பொருந்தாது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அதனை அறிவதற்குப் பாரிசு நகருக்கோ உரோமாபுரிக்கோ செல்ல வேண்டுவதில்லை. மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்றதொரு புத்தளப் பகுதிக் கிராமத்தில் இருந்து நோக்கினாலே அக்கால வைத்தியத்தின் நிறையும் குறையும் ஒருங்கே புலனாகும். ஐரோப்பிய வைத்தியர் பெரிதும் மதித்த மருந்துச் சரக்கொன்று இக்கரையிலே குவிந்து கிடந்தது. அவர்கள் போற்றிய நூல்களின் அரபுப் பிரதிகளோ ஒருகாலத்தில் இத்தீவின் முஸ்லிம் குடும்பங்களிடம் இருந்தன.

மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா, மாலைத்தீவிலிருந்து கப்பலேறி, 1344-ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தார். தாம் வந்து சேர்ந்த நகரை அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடுகிறார். அது புத்தளமே என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. மரத்தாலான மதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய நகரம் அது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுபோற் குவிந்து கிடந்தன என்றும், மலையாளக் கரையினரும் சோழமண்டலக் கரையினரும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, கைம்மாறாக அரசனுக்குத் துணி முதலியன அளித்தனர் என்றும் அவர் எழுதுகிறார். அந்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுள் ஒருவன். பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக்கூடியவன்.

இன்று கறுவா ஒரு கறிச்சரக்கு. அன்றோ அது மருந்துப் பெட்டியின் விலையுயர்ந்த பொருள். இடைக்கால ஐரோப்பாவின் வைத்தியம் முழுவதும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் கிரேக்க வைத்தியரின் கோட்பாட்டில் நின்றது. உடலில் குருதி, கபம், மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என நான்கு நீர்கள் உள்ளன. அவை அளவோடு இருப்பின் நலம், அளவு பிறழின் நோய் என்பது அக்கோட்பாடு. வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் முக்குற்றங்களைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு பொருளுக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னும் இயல்பு வகுக்கப்பட்டது. கறுவா சூடும் வறட்சியும் உடையது. ஆதலின் குளிர்ந்த வயிற்றுக்கும் கபம் மிகுந்த நெஞ்சுக்கும் உரியது. அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளைக் கூட்டிச் செய்த 'திரியாக்கா' என்னும் நஞ்சுமுறி லேகியத்திலும் கறுவா சேர்ந்தது.

ஆனால், கறுவாவை நோயாளிக்கு எழுதிக்கொடுத்த வைத்தியர் எவரும் அம்மரத்தைக் கண்டவரல்லர். பெரும் பறவைகள் தம் கூடுகளைக் கறுவாக் குச்சிகளாற் கட்டும் என்றும், அக்கூடுகளை உதிர்த்தே மக்கள் அதனைப் பெறுவர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இத்தகைய கதைகள் நூற்றாண்டு நூற்றாண்டாக நூல்களில் வாழ்ந்தன. எரோதோத்தசு எழுதியது செவிவழிச் செய்தி. புத்தளத்தில் நின்ற யாத்திரிகர் எழுதியது கண்ட காட்சி. பாவா ஆதம் மலைக்கு ஏறும் வழியில் அட்டைகள் மனிதர்மேற் பாய்ந்து குருதி உறிஞ்சுவதையும், ஊரார் தேசிக்காயை ஆயத்தமாக வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிந்து அட்டையை விழச்செய்வதையும், கடித்த இடத்தை மரக்கத்தியாற் சுரண்டுவதையும் அவர் குறித்துள்ளார். அவர் வைத்தியருமல்லர், உயிர்நூலாருமல்லர். எனினும் கண்டதைக் கண்டவாறு எழுதும் அந்தப் பழக்கமே உயிர்நூலுக்கு முதற்படி. அப்பழக்கம் வைத்திய ஏடுகளில் எந்த அளவுக்கு இடம்பெற்றது என்பதைக் கொண்டே இடைக்காலத்தின் ஏற்றத்தையும் தாழ்வையும் அளக்கவேண்டும்.

அதற்கு முன்னர், அந்த ஏடுகள் எவ்வாறு பிழைத்தன என்பதைப் பார்க்கவேண்டும். மேற்கு உரோமப் பேரரசு சரிந்தபின், மேற்கு ஐரோப்பாவில் கிரேக்க மொழி அறிந்தவர் அருகினர். கலெனின் நூல்களுட் பெரும்பாலானவை அங்கே படிப்பாரற்றுப் போயின. அவற்றைக் காத்தவர் கீழ்த்திசையினர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ வைத்தியர், தம் மாணாக்கருடன் கலெனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபிலும் பெயர்த்தார். அதே நகரில் இந்திய வைத்திய நூல்களும் அரபுக்குச் சென்றன. அலி அத்தபரீ என்பவர் 850-ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த வைத்திய நூலின் இறுதியில், சரகர், சுசுருதர் முதலியோரின் கருத்துகளைத் தொகுத்துரைத்தார். 1037-இல் மறைந்த இப்னு சீனா, இவ்வறிவை எல்லாம் ஒழுங்குபடுத்தித் தம் 'கானூன்' என்னும் பெருநூலை ஆக்கினார். பதினோராம் நூற்றாண்டில் ஆபிரிக்காவிலிருந்து இத்தாலிக்குச் சென்ற கொன்சுத்தந்தீன், மொந்தே கசினோ மடத்தில் இருந்துகொண்டு அரபு வைத்திய நூல்களை இலத்தீனில் தந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஊரினரான கெரார்து 'கானூ'னைப் பெயர்த்தார். கிரேக்கனின் வைத்தியம் அரபியின் கைவழியாக மீண்டும் ஐரோப்பாவை அடைந்த கதை இது.

இந்த நூல்வழியின் ஒரு கிளை இலங்கைக்கும் வந்தது. 1811 முதல் 1819 வரை இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1827-இல் வெளியான தம் கடிதமொன்றில் அரியதொரு செய்தியைக் கூறுகிறார். அரிஸ்டாட்டில், பிளேட்டோ, யூக்ளிட், கலென், தொலமி ஆகியோரின் நூல்கள் அரபு மொழிபெயர்ப்பில் இத்தீவில் இருந்தன என்றும், முஸ்லிம் மார்க்க அறிஞரும் வணிகரும் அவற்றிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகளைத் தம்மிடம் கொணர்ந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். அந்நூல்கள் பக்தாதிலிருந்து பெறப்பட்டுப் பல நூறு ஆண்டுகள் அவரவர் குடும்பங்களிற் பேணப்பட்டவை. பின்னர் வறுமை வந்துற்றபோது கீழைத் தீவுகளோடு வாணிகம் செய்தோருக்கு விற்கப்பட்டவை. பாரிசிலும் பொலோஞாவிலும் மாணாக்கர் ஓதிய அதே கலென், இலங்கை முஸ்லிம் வீட்டுப் பெட்டகத்தில் அரபு எழுத்தில் உறங்கினார் என்பது எண்ணியெண்ணி வியத்தற்குரியது. அவரை அன்றாடச் செலவுக்காக விற்கவேண்டி நேர்ந்தது என்பது எண்ணியெண்ணி வருந்துதற்குரியது.

நூலைக் காத்தது இடைக்காலத்தின் முதற்பணி என்றால், நோயாளிக்கு இடம் அமைத்தது இரண்டாம் பணி. இத்துறையில் இலங்கை எந்த நாட்டுக்கும் பின்னடைந்ததன்று. மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த வைத்தியசாலையின் அடித்தளம் இன்றும் காணக்கிடக்கிறது. மனித உருவுக்கேற்பக் குடையப்பட்ட கல் மருந்துத்தொட்டியும் அங்கே உண்டு. நோயாளியை அதிற் கிடத்தி, எண்ணெயோ கசாயமோ நிரப்பி வைத்தியம் செய்தனர் என்று கருதப்படுகிறது. 1153 முதல் 1186 வரை பொலநறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பல நூறு நோயாளர் தங்கத்தக்க பெருமண்டபம் ஒன்றைக் கட்டியதாகச் சூளவம்சம் கூறும். ஒவ்வொரு நோயாளிக்கும் இரவும் பகலும் பணிசெய்ய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமர்த்தப்பட்டனர். மருந்தும் தானியமும் சேமிக்கும் களஞ்சியங்கள் இருந்தன. உபோசத நாள்களில் அரசனே அங்குச் சென்று, வைத்தியரை அழைத்து, அவர்கள் செய்த பரிகாரத்தை வினவி, பிழை கண்டவிடத்துத் திருத்தினான். கன்னத்தில் கட்டியுற்று வருந்திய ஒரு காகமும் அங்கே வந்து வைத்தியம் பெற்றதாக அந்நூல் ஒரு கதையும் சொல்லும். காகத்தின் கதையைக் கதையென்றே கொள்ளினும், மண்டபம் கதையன்று. பொலநறுவை ஆளாகனப் பிரிவெனாப் பகுதியில் நிகழ்ந்த அகழ்வில் வைத்தியசாலையின் இடிபாடும், கத்தரி, இடுக்கி முதலிய கருவிகளும் வெளிப்பட்டன.

நூல்களும் பெருகின. இரண்டாம் பராக்கிரமபாகு தம்பதெனியாவில் ஆண்ட காலத்தில், 1261-ஆம் ஆண்டளவில், பௌத்தத் துறவிகளின் உடல்நலம் கருதி 'பேசஜ்ஜமஞ்சூசா' என்னும் வைத்திய நூல் பாளியில் இயற்றப்பட்டது. அதே நூற்றாண்டில் 'யோகார்ணவ'மும் 'பிரயோகரத்னாவலி'யும் சிங்களத்தில் எழுந்தன. வடக்கே ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிங்காசனப் பெயர்களை மாறிமாறிச் சூடினர். அப்பெயர்களையே தாங்கிய 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' என்னும் வைத்திய நூல்கள் தமிழ்ச் செய்யுளில் எழுந்தன. புத்தளத்தில் இப்னு பதூதாவை வரவேற்ற மன்னன் அம்மரபினனே என்பதை நினைவுகூர்தல் தகும். பரம்பரைப் பரிகாரிமார் ஓலையில் எழுதிக் காத்த இந்நூல்களை, இருபதாம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்து அச்சேற்றினார். அச்சேறாதிருப்பின், அவற்றுட் பல பகுதிகள் கறையானுக்கு இரையாகியிருக்கும்.

இதே நூற்றாண்டுகளில் ஐரோப்பாவும் விழித்துக்கொண்டிருந்தது. தென் இத்தாலியில் கடலோர நகரான சலேர்னோவில் வைத்தியக் கல்வி செழித்தது. இரண்டாம் பிரெடரிக் பேரரசன் 1231-இல் வெளியிட்ட சட்டத்தின்படி, சலேர்னோ ஆசிரியரின் பரீட்சையில் தேறாதவர் அவனது நாட்டில் வைத்தியம் செய்தலாகாது. தகுதியற்றவரிடமிருந்து நோயாளியைக் காக்க அரசு முன்வந்தமை ஒரு பெரும் மாற்றம். அப்பேரரசன் வல்லூறு கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினான். பறவைகளின் பறத்தலையும் உடலமைப்பையும் தான் கண்டவாறு உரைத்து, அரிஸ்டாட்டில் கூறியவை காட்சியோடு முரண்படுமிடத்து அவற்றை மறுத்தான். 1280-இல் மறைந்த பேரறிஞர் அல்பர்ட் என்னும் துறவி, செடிகளையும் விலங்குகளையும் பற்றி நூல்கள் எழுதித் தம் சொந்த அவதானிப்புகளையும் அவற்றிற் சேர்த்தார். பொலோஞாவில் மொந்தீனோ என்னும் ஆசிரியர் மனித உடலைப் பிளந்து காட்டிக் கற்பித்து, 1316-இல் உடலமைப்பு நூலொன்றை எழுதினார். அவரும் கலெனின் சொல்லை மீறத் துணியவில்லை. கண்ணெதிரே உடல் கிடக்க, வாய் பழைய நூலையே ஓதியது.

மீறத் துணிந்தவர் ஒருவர் கெய்ரோவில் இருந்தார். இதயத்தின் வலது அறையிலுள்ள குருதி, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே இடது அறைக்குச் செல்கிறது என்பது கலெனின் கூற்று. இப்னு சீனாவின் நூலுக்கு உரை கண்ட இப்னு அந்நபீஸ், அச்சுவரில் துளையே இல்லை என்றும், குருதி நுரையீரலின் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றும் எழுதினார். அவர் 1288-இல் மறைந்தார். தம் வீட்டையும் நூல்களையும் மன்சூரி வைத்தியசாலைக்கு விட்டுச்சென்றார். ஆங்கிலேயரான ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை முழுமையாக நிறுவியது 1628-இல். இப்னு அந்நபீசின் அந்தப் பக்கமோ, ஓர் எகிப்திய வைத்தியர் 1924-இல் பேர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிற் கண்டுரைக்கும்வரை, உலகின் கவனத்துக்கு வராமலே கிடந்தது. உண்மையைக் காணுதல் ஒன்று. கண்ட உண்மை பிறர் கையை அடைதல் வேறொன்று.

சோதித்தறியாத கல்விக்கு வரலாறு வைத்த கொடிய பரீட்சை விரைவில் வந்தது. இப்னு பதூதா புத்தளத்தை விட்டுச் சென்று மூன்றாண்டுகள் கழித்து, 1347-இல், சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தில் கப்பல்களோடு கொள்ளைநோய் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றிலொரு பங்கினரோ அதற்கு மேற்பட்டோரோ மாண்டனர். பிரெஞ்சு மன்னன் காரணம் கேட்டபோது, பாரிசுப் பல்கலைக்கழகத்து வைத்திய ஆசிரியர்கள், 1345-இல் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கோள்களும் கும்ப இராசியிற் கூடியதால் காற்றுக் கெட்டது என்று 1348-இல் விடையெழுதினர். மருந்தாகத் திரியாக்கா கொடுத்தனர். அதே 1348-இல் இப்னு பதூதா டமாஸ்கசில் இருந்தார். அங்கே முஸ்லிம்களும் கிறித்தவரும் யூதரும் நோன்பிருந்து, தத்தம் வேதங்களை ஏந்தித் தெருக்களில் ஒன்றாக நடந்து இறைவனை வேண்டிய காட்சியை அவர் பதிவுசெய்துள்ளார்.

கோள்களை விட்டு மண்ணை நோக்கியவரும் சிலர் இருந்தனர். கிரனாதாவின் இப்னுல் கதீப், நோயாளியைத் தொட்டவருக்கும் அவரது ஆடையையும் பாத்திரத்தையும் கையாண்டவருக்கும் நோய் வருவதையும், ஒதுங்கி வாழ்ந்தோர் தப்புவதையும் அனுபவச் சான்றாகக் காட்டி, இது தொற்றுநோயே என்று வாதித்தார். 1377-இல் ஏட்ரியாற்றிக் கடலோரத்து இராகூசா நகரம், நோயுற்ற நாடுகளிலிருந்து வருவோர் முப்பது நாள் ஒதுக்கிடத்தில் தங்கிய பின்னரே நகருக்குள் வரலாம் என்று விதித்தது. 2020-இல் கொரோனாத் தொற்றின்போது இலங்கையின் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட்ட தனிமைப்படுத்தலுக்கு இதுவே முன்னோடி. நோயின் கிருமியை அவர்கள் அறியார். ஆயினும் கண்டதைக் கருதிப் பார்த்ததால், பெரும் பல்கலைக்கழகம் காணாத வழியை ஒரு துறைமுக நகரம் கண்டது.

புத்தளக் கரைக்கு மிக அறிமுகமான நோய் காய்ச்சல். இப்னு பதூதாவும் அதற்குத் தப்பவில்லை. இலங்கையை விட்டு மதுரைக்குச் சென்றபோது அங்கே கடுங்காய்ச்சல் பரவி மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். அவரும் அதில் விழுந்தார். ஏறத்தாழ ஓர் 'இரத்ல்' புளியை நீரிற் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு கழிந்து குணமானதாகவும் அவர் எழுதுகிறார். அவர் சொன்ன அந்த அளவுதான் இலங்கைத் தமிழில் 'இறாத்தல்' என்று நிலைத்தது. புளிக்கு அரபியர் இட்ட பெயரோ 'இந்தியப் பேரீச்சு' என்று பொருள்படும். அவர் பிழைத்தது புளியாலா, உடலின் வலிமையாலா என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு எவரும் சொல்லமுடியாது. புளி குடித்த நூறு பேரையும் குடியாத நூறு பேரையும் ஒப்புநோக்கும் முறை அன்று இல்லை.

காய்ச்சலின் வரலாறே இடைக்கால வைத்தியத்தின் இயல்பை நன்கு விளக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது, இருநாள் விட்டு வருவது என முறைக்காய்ச்சல்களைக் கலெனும் இப்னு சீனாவும் சுசுருதரும் நுட்பமாகப் பகுத்திருந்தனர். அப்பகுப்பு சரியானது; இன்றைய வைத்தியமும் அதனை ஏற்கிறது. அவர்கள் சொன்ன காரணம் மட்டும் பிழைத்தது. 'கெட்ட காற்று' என்னும் பொருளுடைய இத்தாலியத் தொடரிலிருந்தே மலேரியா என்ற பெயர் பிறந்தது. நுளம்பின் உடலில் அந்நோயின் கிருமியை ரொனால்ட் ரொஸ் செக்கந்தராபாத்தில் கண்டது 1897-இல். காரணம் தெரிந்த பின்னும் 1934, 1935-ஆம் ஆண்டுகளின் பெருங்காய்ச்சல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. நெடுநாள் முயற்சியின் பயனாக, 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலுக்கு அஞ்சி வாழ்ந்த உலர்வலயத்துக் கிராமங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

இடைக்காலத்தைப் பழிப்பதும் பிழை. அதனைப் பொற்காலமென்று புகழ்வதும் பிழை. அக்காலத்தவர் நூலைக் காத்தனர், வைத்தியசாலை கட்டினர், வைத்தியனுக்குப் பரீட்சை வைத்தனர். நூலையே பரீட்சைக்கு உட்படுத்தத் துணிந்தவர் மட்டும் மிகச் சிலர். இலங்கையில் 1961-ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யூனானியையும் ஏற்றது. அதனால் பழைய வைத்தியத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆராய்ச்சியில் அதற்குரிய இடத்தைச் சட்டம் தரமுடியாது. ஒவ்வொரு மருந்தையும் சோதித்து, பயனுள்ளதைக் கொண்டு பயனற்றதைத் தள்ளும் உழைப்பே அதனைத் தரும்.

அவ்வுழைப்புக்கு ஏடு வேண்டும். பரிகாரிமார் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைக்கட்டும், அரபுத்தமிழில் எழுதிய கைப்பிரதியும், கறையான் அரித்தபின் எந்தச் சோதனைக்கும் உதவா. கொழும்புத் தேசிய நூதனசாலை நூலகத்தில் ஓலைச்சுவடிகள் பேணப்படுகின்றன. ஈழத்து ஆவணங்களைப் படமெடுத்து மின்னுருவிற் காக்கும் பணியை நூலக நிறுவனம் செய்துவருகிறது. முன்னோர் வறுமையால் கலெனை விற்றனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கறையானுக்கு ஏட்டை விடுவோருக்கு மட்டும் அந்தச் சமாதானம் பொருந்தாது.